ஊரை விட்டுப் போகிறவர்களின் படங்கள்: தோட்டப்பாளையம் குடும்பக் குழு

நான்: கோயம்புத்தூர் காலேஜில் இடம் உறுதியாகிவிட்டது. ஹாஸ்டலுக்குப் போவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாமா? சின்ன ஊரை விட்டுக் கிளம்புகிற பிள்ளைகளைப் பற்றிய படமாக இருந்தால் நல்லது. சித்தப்பா, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கார்த்தி அண்ணன்: வாழ்த்துகள் மீனு! வசந்தபாலனின் ‘வெயில்’ பார்க்கலாம். 2006இல் வந்தது. பசுபதி அப்படி நடித்திருப்பார்.

குடியாத்தம் அத்தை: படிக்கப் போகிற பிள்ளைக்கு அதையா காட்டுவது? மட்டம் போட்டுவிட்டு சினிமா பார்த்ததற்கு அப்பா வெயிலில் நிறுத்துவார், பையன் வீட்டை விட்டு ஓடுவான், வருஷக்கணக்காகக் கழித்து வெறும் கையோடு திரும்புவான். நல்ல படம்தான், இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டாம்.

சித்தப்பா: அக்கா சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது. நம் படங்களில் பெரும்பாலும் ஓடித்தான் போகிறார்கள். அடிக்குப் பயந்து ஓடுவார்கள், இல்லையென்றால் காதலித்தவரோடு ஓடுவார்கள். ‘காதல்’ படத்தில் மதுரையிலிருந்து சென்னை வரைக்கும் போனவர்களையும் தேடிப் பிடித்து வந்துவிடுவார்கள். வீட்டில் பெட்டி கட்டிக் கொடுத்து, ரயிலேற்றி அனுப்புகிற கதை குறைவு.

குடியாத்தம் அத்தை: பெண் பிள்ளைக்கு அதுவும் கிடையாது தம்பி. ‘16 வயதினிலே’ மயிலுக்கு டீச்சராக வேண்டும் என்று ஆசை. டவுனிலிருந்து வந்த மாட்டு டாக்டரை நம்பினாள். கடைசியில் ஸ்டேஷனில் சப்பாணிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள். 1977இல் அதைப் பார்த்துவிட்டு எனக்கு அழுகை வந்தது மயிலுக்காக மட்டும் இல்லை. அந்த டீச்சர் வேலை அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

நான்: ‘பரியேறும் பெருமாள்’? அதில் ஓடவில்லையே, சட்டம் படிக்கத்தானே போகிறான்?

சித்தப்பா: போகிறான். ஆனால் அவனுக்கு முன்னாலேயே சாதி காலேஜுக்குப் போய்க் காத்திருக்கிறது. அப்பாவை அங்கே அவமானப்படுத்துகிற இடத்தை என்னால் இன்னொரு முறை பார்க்க முடியாது. ஊரை விட்டு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற எல்லோரும் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். நீயும் பார், மீனு. தனியாக உட்கார்ந்து பார்.

கார்த்தி அண்ணன்: அப்போது வெளிநாட்டுப் படம்தானா?

சித்தப்பா: இரண்டு சொல்கிறேன். ஒன்று ‘அக்டோபர் ஸ்கை’, 1999. அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவில் கோல்வுட் என்று ஒரு நிலக்கரி ஊர். அங்கே பிறந்த பையன் சுரங்கத்துக்குள்தான் போக வேண்டும். 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக் செயற்கைக்கோள் விட்டதைப் பார்த்து ஒரு பையன் ராக்கெட் செய்யக் கிளம்புகிறான். உண்மைக் கதை, அந்த ஹோமர் ஹிக்கம் பிற்பாடு நாசாவில் என்ஜினியர் ஆனார். எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? சுரங்கத்துப் பட்டறையில் வேலை செய்கிற ஆள்தான் அவனுக்கு இரும்பைக் கடைந்து கொடுக்கிறார். டீச்சர் புத்தகம் கொடுக்கிறார். அவன் ஓடவில்லை, அந்த ஊர்தான் அவனை அனுப்புகிறது.

அம்மா: இதுவே போதுமே தம்பி.

சித்தப்பா: இருங்கள் அண்ணி. இன்னொன்று ‘பிரேக்கிங் அவே’, 1979. இது நம் வேலூர் படம் என்றே சொல்வேன். அதுவும் அமெரிக்காதான், புளூமிங்டன் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். படிக்க வருகிற பிள்ளைகள் வெளியூர். உள்ளூர்ப் பையன்களின் அப்பாக்கள் கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள். காலேஜ் பிள்ளைகள் அவர்களை ‘கட்டர்ஸ்’, அதாவது கல் வெட்டுகிறவர்கள் என்று கேலி செய்வார்கள்.

ஒரு ராத்திரி அப்பா மகனைப் பல்கலைக்கழகத்துக்குள் கூட்டிப் போகிறார். இந்தக் கட்டடத்துக்குக் கல் வெட்டினேன், பெருமையாக இருந்தது, கட்டி முடித்ததும் இது நமக்கானது இல்லை என்று ஆகிவிட்டது என்கிறார். இங்கே சிஎம்சி மருத்துவக் கல்லூரி ரோட்டில், காட்பாடியில் எத்தனை கட்டடத்துக்கு நம் ஆட்கள் கல் சுமந்திருக்கிறார்கள்! வைத்தியத்துக்கு வருகிற வெளி மாநிலத்துக்காரர்களுக்கு லாட்ஜில் ரூம் காட்டி, பெங்காலி பேசக் கற்றுக்கொண்ட பையன்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தக் காலேஜ் கேட்டுக்குள் படிக்கப் போனார்கள்?

நான்: அந்தப் பையன் கடைசியில் ஊரை விட்டுப் போகிறானா?

சித்தப்பா: இல்லை, அதே பல்கலைக்கழகத்தில் சேர்கிறான். கேட்டைத் தாண்டுவதும் ஒரு பயணம்தான். ஆஸ்கர் வாங்கிய திரைக்கதை அது. அவன் அம்மா எங்கேயும் போனதில்லை, ஆனாலும் கைப்பையில் ஒரு பாஸ்போர்ட் வைத்திருப்பார். அதை மகனிடம் எடுத்துக் காட்டுவார்.

அம்மா: என் டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. மெட்ராஸில் வேலைக்கு ஆர்டர் வந்தது, அப்பா விடவில்லை.

நான்: அம்மா, இதை நீ சொன்னதே இல்லையே.

அம்மா: நீ கேட்டதும் இல்லை. இப்போது சொல்லிவிட்டேன். உன் ஹாஸ்டல் பணம் நாளைக்கே கட்டியாக வேண்டும், அதை மறக்காதே.

குடியாத்தம் அத்தை: அந்தப் பாஸ்போர்ட் படத்தையே போடுங்கள். ஆனால் கீழே எழுத்து ஓடினால் எனக்குக் கண் எட்டாது. தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சித்தப்பா: சொல்கிறேன் அக்கா. ஞாயிறு நான்கு மணிக்கு எல்லோரும் வந்துவிடுங்கள். கார்த்தி, நம் தெரு லாட்ஜ் பையன்களையும் கூப்பிடு.

கார்த்தி அண்ணன்: மூன்று பேர் இப்போதே வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள், சித்தப்பா.