கிண்டர்கார்டன் போகுமுன் எழுதத் தெரிந்தே ஆக வேண்டுமா?

குட்டிம்மா_அம்மா:
மகளுக்கு நாலரை வயது, அடுத்து கிண்டர்கார்டன். 20 வரை கடகடவென்று சொல்வாள், ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் ரெண்டு கோடு கிறுக்கிவிட்டு ஓடிவிடுகிறாள். அவள் போகும் பிரீஸ்கூலிலோ நாள் முழுக்க மணல், களிமண், பொம்மைக்குச் சமையல். அவள் வயதுப் பிள்ளைகள் பெயரே எழுதுகிறார்கள். வேறு இடம் பார்க்கவா, இல்லை வீட்டிலேயே தினமும் உட்கார வைத்து எழுதப் பழக்கவா?

மழலை_டீச்சர்:
மாற்றாதீங்க. இந்த வயதில் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும், விரல்களிலும் பலம் போதாது. களிமண் பிசைவதும் கத்தரிக்கோலால் வெட்டுவதும் பாசி கோர்ப்பதும்தான் அந்தக் கையைப் பென்சிலுக்குத் தயார் செய்கின்றன. அப்புறம், 20 வரை சொல்வது ஒப்பித்தல். "அஞ்சு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றால் சரியாக எண்ணி எடுத்து வருகிறாளா, அதைப் பாருங்க.

இரட்டையர்_அப்பா:
விளையாட்டு சரி, அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. தினமும் கதை படித்துக் காட்டுங்கள், நடுவில் நிறுத்தி "அவன் ஏன் ஒளிஞ்சுக்கிட்டான்?" என்று கேளுங்கள். "ம சத்தத்தில் தொடங்குற சொல் ஒண்ணு சொல்லு" என்று நடக்கும்போதே விளையாடலாம். ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து வெறும் படம்தான்.

படிப்பாளி:
அமெரிக்காவில் மிச்சிகனில் 1962இல் தொடங்கிய பெர்ரி பிரீஸ்கூல் ஆய்வைத் தேடிப் பாருங்கள். ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் பிரீஸ்கூலில் சேர்த்தார்கள். அவர்களுக்கு ஐ.க்யூ. ஏறியது, சில வருடங்களில் அந்த வித்தியாசம் மங்கியும் போனது. ஆனால் 40 வயதில் பார்த்தபோது வேலையிலும் வருமானத்திலும் அவர்களே முன்னால், கைதானவர்களும் அவர்களில் குறைவு. அங்கே என்ன விளையாடுவது என்று குழந்தையே முடிவு செய்து, அதை விளையாடி, பிறகு அதைப் பற்றிப் பேசும். சின்ன ஆய்வுதான், ஆனாலும் எனக்கு அதுவே போதும்.

குட்டிம்மா_அம்மா:
ஸ்பூன் கேட்டேன், ஏழு வந்தது! கழிவறைக்குத் தானே போவாள், ஷூவும் போட்டுக்கொள்வாள். தன் முறைக்குக் காத்திருக்கச் சொன்னால்தான் அழுகை.

மழலை_டீச்சர்:
அதற்குத்தான் முதல் இடம் கொடுங்க, முறை வைத்து ஆடும் விளையாட்டுகள் போதும். வெளியாட்களுக்கு அவள் பேச்சு புரியவில்லை என்றாலோ, "பையை வச்சிட்டு கை கழுவிட்டு வா" போன்ற இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் செய்ய முடியவில்லை என்றாலோ மட்டும் காதையும் பேச்சையும் டாக்டரிடம் காட்டிவிடுங்க.