மட்டப்பா (மொட்டை மாடி) சூட்டுக்கு மூன்று கொட்டேஷன், எதைப் பிடிக்க?

பாளைவாசி:
பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் 900 சதுர அடி வீடு, ஒரே தளம்தான். ராத்திரி பத்து மணிக்கும் மட்டப்பா அனல் அடிக்குது, ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் நம்ம தலையில் இறக்குது. வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் சதுர அடிக்கு 24 ரூபாய், கூல் ரூஃப் டைல்ஸ் 95, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு (தட்டையான சுட்ட மண் ஓடு) பதிக்க 140 என்கிறார்கள். பெயின்ட்காரர் ஒரே வரியில் எழுதித் தந்திருக்கிறார். எப்படி ஒப்பிட?

கொத்தனார் மகன்:
அண்ணாச்சி, அந்த ஒரு வரிதான் வில்லங்கம். பாசி சுரண்டிக் கழுவுவது, விரிசல் அடைப்பது, பிரைமர், எத்தனை கோட், கைப்பிடிச் சுவரில் ஒரு அடி ஏற்றி அடிப்பாரா, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா, எல்லாத்தையும் எழுதி வாங்குங்க. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும்னு வாளியிலேயே போட்டிருக்கும், அதை வைத்து எத்தனை வாளி வேணும்னு நீங்களே கணக்குப் போட்டு, சீல் உடைக்கும்போது பக்கத்தில் நில்லுங்க. தண்ணியைக் கலந்து இழுத்துட்டுப் போயிருவாங்க.

தாமிரபரணிக்காரன்:
டைல்ஸுக்கு முன்னால் எடையைப் பாருங்க. அடியில் இரண்டு அங்குலம் கலவை போட்டாலே சதுர அடிக்குப் பத்து கிலோ, உங்க வீட்டுக்கு 9 டன், டைல்ஸ் எடை தனி. தட்டோடு இன்னும் கனம். பழைய வீடுன்னா இன்ஜினியரைக் கேட்காமல் ஏற்றாதீங்க. பெயின்ட் லேசுதான், ஆனா ஆனி ஆடியில் தென்காசிக்குச் சாரல், நமக்கு வெறும் காத்தும் புழுதியும். வெள்ளை மங்கினால் வெயிலைத் திருப்புவதும் குறையும். வருஷம் ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவணும்.

மேலப்பாளையம் பாய்:
2023 டிசம்பர் மழையில் ஒழுகுச்சா? அப்படின்னா முதலில் தண்ணி வடியுற வாட்டம் சரி பண்ணுங்க, தண்ணி தேங்குற இடத்தில் எந்தப் பெயின்டும் உரியும். வெயில் தடுக்கிறது வேற, ஒழுகலை அடைக்கிறது வேற. ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றவரை நம்பாதீங்க. ஐப்பசி அடைமழைக்குள் வேலை முடியணும், தளம் நல்லாக் காய்ஞ்சிருக்கணும்.

பாளைவாசி:
ஒழுகல் இல்லை பாய், ஒரு மூலையில் மட்டும் தண்ணி நிக்கும். வீட்டுக்கு முப்பது வயசு, அதனால் தட்டோடு வேண்டாம். பெயின்ட்காரரிடம் கேட்டேன். கழுவி விரிசல் அடைக்க 7 ரூபாய் தனி, மொத்தத்துக்கும் 18% ஜிஎஸ்டி தனியாம். 24 ரூபாய் 36-ஐத் தாண்டிட்டு. டைல்ஸ்காரருக்கும் இதே கேள்விகளை அனுப்பியிருக்கேன், இன்னும் போனை எடுக்கலை.