வெஸ்ட் சிண்ட்ரோம் ஆய்வு: அளக்க வேண்டியது 14ஆம் நாள் வலிப்பையா, 18ஆம் மாத வளர்ச்சியையா?

(ஒரு விவாதக் குழுவின் உரையாடல் இது. நேரத்துக்கு முன்னால் இருப்பவை எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

எழும்பூர்ப் பக்கம் – திங்கள், காலை 7:40

சென்னையில் மூன்று நான்கு மையங்கள் சேர்ந்து வெஸ்ட் சிண்ட்ரோம் என்ற குழந்தை வலிப்புக்கு ஒரு மருந்தாய்வு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிரிவுக்கு வாய்வழி ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்தும். முதன்மை அளவுகோலாக, அதாவது வெற்றி தோல்வியை முடிவு செய்யும் அளவாக, எதை எழுதுவது என்பதுதான் கேள்வி.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சுருக்கமாக: பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும் வலிப்பு இது. குழந்தை தூங்கி எழுந்ததும் தலை குனியும், கை விரியும், சில நொடிக்கு ஒருமுறை வரிசையாகத் தூக்கிப் போடும். மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி.யில் ஹிப்ஸாரித்மியா என்ற தாறுமாறான உயர அலைகள் தெரியும். 1841இல் டாக்டர் வெஸ்ட் தன் மகனுக்கு வந்ததை லான்செட்டில் எழுதினார், அதனால் இந்தப் பெயர்.

என் கட்சி: மருந்து தொடங்கிய 14ஆம் நாள் வலிப்பு முழுக்க நின்றிருக்க வேண்டும், இ.இ.ஜி.யிலும் ஹிப்ஸாரித்மியா போயிருக்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் வெற்றி. 2004இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் 107 குழந்தைகள். 13, 14ஆம் நாள்களில் வலிப்பு இல்லாதவர்கள் ஹார்மோன் பிரிவில் (ப்ரெட்னிசோலோன் அல்லது அது போன்ற ஹார்மோன் ஊசி) 73 சதவீதம், விகாபாட்ரின் பிரிவில் 54. 2015இல் கொழும்பு ஆய்வு 97 குழந்தைகளில் ப்ரெட்னிசோலோனுக்கு 58.3, ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ஊசிக்கு 36.7 என்று காட்டியது. டெல்லி ஆய்வு ப்ரெட்னிசோலோனில் கிலோவுக்கு 4 மி.கி.யையும் 2 மி.கி.யையும் ஒப்பிட்டு 51.6க்கு 25 என்றது. எல்லாமே இரண்டாவது வாரக் கணக்கு. நாமும் அதிலேயே அளந்தால்தான் நம் எண்ணை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.

முட்டுக்காடு சாலை – திங்கள், காலை 9:05

சார், நீங்கள் சொல்லும் அதே மருந்துச் சேர்க்கையை ஐந்து நாடுகள் சேர்ந்து 377 குழந்தைகளில் பார்த்தாகிவிட்டது. 2017இல் வெளிவந்தது. 14 முதல் 42ஆம் நாள் வரை வலிப்பில்லாதவர்கள் சேர்த்துக் கொடுத்த பிரிவில் 72 சதவீதம், ஹார்மோன் மட்டும் கொடுத்ததில் 57. அதே குழந்தைகளை 18 மாத வயதில் பார்த்தபோது வைன்லேண்ட் (பெற்றோரிடம் கேட்டு வளர்ச்சியை அளக்கும் மதிப்பெண்) சராசரி 73.9, 72.7. வித்தியாசமே இல்லை.

14ஆம் நாளை முதன்மையாக வைத்தால் நாமும் ஜெயிப்போம், கட்டுரையும் வரும். ஆனால் அந்தக் குழந்தை உட்காருமா, பேசுமா, தானே சாப்பிடுமா என்று கேட்கும் தாய்க்கு அதில் பதில் இருக்காது. கூடுதலாக ஒரு மருந்தைக் கொடுக்கிறோம், அதுவும் பார்வைப் புலத்தை நிரந்தரமாகக் குறைக்கக்கூடிய மருந்து. அதற்கு ஈடாகக் குழந்தைக்கு என்ன கிடைத்தது என்பதை வளர்ச்சியில் காட்டாத ஆய்வு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

எழும்பூர்ப் பக்கம் – திங்கள், காலை 10:20

மேடம், 2004 ஆய்வின் தொடர்ச்சியையும் சேர்த்துப் பாருங்கள். 14 மாத வயதில் மொத்தக் குழுவில் வித்தியாசம் இல்லை. காரணம் கண்டுபிடிக்க முடியாத குழந்தைகளை மட்டும் பிரித்தால் ஹார்மோன் பிரிவு 88.2, விகாபாட்ரின் பிரிவு 78.9. ஆக, வலிப்பை நிறுத்துவதற்குப் பலன் உண்டு. மூளையில் ஏற்கெனவே பெரிய தழும்பு இருக்கும் குழந்தைகளிடம் அந்தப் பலன் மூழ்கிப்போகிறது.

நம் ஊரில் நிலைமை என்ன? பிறக்கும்போது மூச்சுத்திணறல், பிறந்த இரண்டு மூன்று நாளில் சர்க்கரை இறங்கி பின்மண்டைப் பகுதி சேதமானது, இவைதான் அதிகம். இந்தக் குழந்தைகளின் 18 மாத வளர்ச்சியைப் பெருமளவு தீர்மானிப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும் சேதம். அதை அளந்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதினால் மருந்துக்கும் அநியாயம், குழந்தைக்கும் அநியாயம்.

எண்கணக்கு – திங்கள், பிற்பகல் 1:15

கணக்கைப் போட்டுவிடுகிறேன், அப்புறம் சண்டை போடலாம். பவர் (உண்மையான வித்தியாசத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம், பிழை (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு) 5 சதவீதம்.

14ஆம் நாள்: வலிப்பு நின்றவர்கள் 55 சதவீதத்திலிருந்து 70 ஆவதைப் பிடிக்க ஒரு பிரிவுக்கு 160 பேர். இரண்டு வாரத்தில் காணாமல் போகிறவர்கள் குறைவு, 5 சதவீதம் வைத்தாலும் மொத்தம் 340க்குள் முடியும்.

18ஆம் மாதம்: வைன்லேண்டில் 4 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 15 என்றால் ஒரு பிரிவுக்கு 221. கால்வாசிப் பேர் திரும்ப வரவில்லை என்றால் 295, மொத்தம் 590. திட்ட விலக்கம் 20 என்று வைத்தால் ஒரு பிரிவுக்கு 392, இழப்போடு சேர்த்து ஆயிரத்தைத் தாண்டும். பாதிப்பு கலவையாக இருக்கும் குழுவில் 20தான் நியாயமான ஊகம்.

இன்னொன்று. 18 மாதத்துக்குள் இறந்துபோகும் குழந்தைகளுக்கு வளர்ச்சி மதிப்பெண் என்ன? அவர்களை விட்டுவிட்டு சராசரி போட்டால், அதிகக் குழந்தைகள் இறந்த பிரிவு நன்றாக இருப்பதுபோல் காட்டும். மதிப்பெண்ணை வரிசைப்படுத்தி இறப்பைக் கடைசி இடத்தில் வைக்கும் முறையை, ஆய்வின் திட்ட ஆவணமான நெறிமுறையிலேயே எழுத வேண்டும். இந்திய மருந்தாய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. 2018 ஏப்ரல் 1 முதல் முன்கூட்டிப் பதிவதை மட்டுமே ஏற்கிறது. முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே அளவுகோல் அங்கே ஏறியிருக்க வேண்டும், பிறகு மாற்றினால் எல்லோருக்கும் தெரியும்.

அலைவரி – திங்கள், மாலை 6:30

14ஆம் நாள் இ.இ.ஜி. ஏதோ கெட்டியான அளவுகோல் என்ற நினைப்போடுதான் எல்லோரும் பேசுகிறீர்கள். ஒரே பதிவைப் பல நிபுணர்களிடம் கொடுத்து ஹிப்ஸாரித்மியா உண்டா இல்லையா என்று கேட்டால் பதில்கள் ஒத்துப்போவதில்லை. 2015இல் எபிலெப்ஸியா இதழில் இதையே ஒரு ஆய்வாகப் போட்டு, மருந்தாய்வுகளின் நம்பகத்தன்மைக்கே ஆபத்து என்று எழுதினார்கள். அதனால் உண்டு, இல்லை என்று கேட்காதீர்கள். பேஸ்டு (BASED) என்ற 0 முதல் 5 வரையிலான மதிப்பெண் முறை இருக்கிறது. தூக்கத்தில் மிக மோசமான 5 நிமிடத்தை எடுத்து, பின்னணி அலை 200 மைக்ரோவோல்ட்டைத் தொடுகிறதா, கூர் அலைகள் எத்தனை இடத்திலிருந்து வருகின்றன என்று பார்க்கும் முறை. இரண்டு பேர் தனித்தனியாக, எந்தப் பிரிவு, எத்தனையாவது நாள் என்று தெரியாமல் வாசிக்க வேண்டும். ப்ரெட்னிசோலோனில் இரண்டு வாரத்தில் முகம் உப்பிவிடும், அதனால் வாசிப்பவர் கண்ணில் வீடியோவே படக்கூடாது.

அதற்கும் முன்னால் பதிவு ஒழுங்காக இருக்க வேண்டும். குழந்தையின் தலையில் தேங்காய் எண்ணெய் ஊறியிருக்கும், நெற்றியில் கண்மைப் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டு பல குழந்தைகளுக்கு முன்நெற்றி எலக்ட்ரோடு ஒட்டும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். மேலே ஒட்டும் பசையைத் தடவி ஒட்டினால் இம்பீடன்ஸ் (தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்கு இறங்கவே இறங்காது. முதல் நாள் இரவு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, எண்ணெயும் மையும் இல்லாமல் கூட்டிவரச் சொல்லி அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பால் கொடுக்கும் நேரத்துக்கு ஒட்டி முடித்து, பால் குடித்துத் தூங்கும்போது பதிவைத் தொடங்கி, எழுந்த பிறகும் குறைந்தது 10 நிமிடம் ஓட விடுங்கள். ஹிப்ஸாரித்மியா அமைதித் தூக்கத்தில்தான் நன்றாகத் தெரியும், கனவுத் தூக்கத்தில் மறைந்துவிடும், வலிப்பு வரிசை எழும்போது வரும். அரை மணி நேரம் விழிப்பில் மட்டும் எடுத்த பதிவை வைத்து வெற்றி என்று எழுதினால் அது பொய்க் கணக்கு.

அழைப்புமணி – திங்கள், இரவு 9:10

அளவுகோல் எதுவானாலும், அதுவரைக்கும் குழந்தை சரியான டோஸ் சாப்பிட்டிருக்கணும். அதைப் பத்தி யாரும் பேசலை.

7 கிலோ குழந்தைக்கு கிலோவுக்கு 4 மி.கி. வீதம் நாளைக்கு 28 மி.கி. ப்ரெட்னிசோலோன் சிரப் கடையில 5 மி.லி.க்கு 5 மி.கி.ன்னும் கிடைக்குது, 5 மி.லி.க்கு 15 மி.கி.ன்னும் கிடைக்குது. முதல்ல சொன்னதுல 28 மி.லி. கொடுக்கணும், ரெண்டாவதுல 9.3 மி.லி. சீட்டுல "9 மி.லி." என்று எழுதி, ஊர்ப் பக்கக் கடையில மத்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தா குழந்தைக்குப் போறது மூணுல ஒரு பங்கு. அப்புறம் "மருந்து கேக்கலை" என்று 14ஆம் நாள் கட்டத்துல தோல்வி விழும். ஆய்வுக்கு வர்ற குழந்தைக்கு மருந்தை நாமே கொடுக்கணும், ஒரே பலம், மூடியால இல்லாம ஊசியில்லாத சிரிஞ்சால அளந்து. காலி பாட்டிலைத் திரும்ப வாங்கி மீதியை அளக்கணும். விகாபாட்ரினும் அப்படித்தான்: 500 மி.கி. மாத்திரையை 10 மி.லி. தண்ணியில கரைச்சா மி.லி.க்கு 50. கிலோவுக்கு 100 வேணும்னா இதே குழந்தைக்கு வேளைக்கு 7 மி.லி., ரெண்டு வேளை. சிரிஞ்சுல சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தா படிக்கத் தெரியாத பாட்டியும் அளந்துடுவாங்க.

பாதுகாப்பு விஷயத்துல விடுபடுறது ரெண்டு. ஒண்ணு ரத்த அழுத்தம், குழந்தைக்கான சின்ன கஃப் (கையில சுத்துற பட்டை) இல்லாம எடுத்த எண் எதுக்கும் உதவாது. இன்னொண்ணு தடுப்பூசி. இந்த டோஸ்ல இருக்கும்போது உயிருள்ள தடுப்பூசி கூடாது, நிறுத்தி ஒரு மாசமாவது போகணும். 9 மாச எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி இதுக்குள்ளதான் வந்து விழும். கிராம சுகாதார செவிலியருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பலைன்னா அவங்க அவங்க வேலையைச் சரியாச் செய்து ஊசியைப் போட்டுடுவாங்க.

முட்டுக்காடு சாலை – செவ்வாய், காலை 8:25

அழைப்புமணி சொன்ன ஒவ்வொரு வரியும் நெறிமுறையில் ஏற வேண்டும். அளவுகோல் விஷயத்தில் நான் இறங்கிவரவில்லை.

எண்கணக்கு சார், ஆயிரம் பேர் தேவை என்றால் அந்த விடை அவ்வளவு கடினமானது என்று அர்த்தம், அதற்காகக் கேள்வியை எளிதாக்கிக்கொள்ளலாமா? தமிழ்நாடு முழுக்க மையங்களைச் சேர்ப்போம். கருவியையும் யோசித்துத் தேர்வு செய்ய வேண்டும். குழந்தையை நேரில் சோதிக்கும் இந்திய வளர்ச்சி அளவுகோலான டாஸியில் 67 இயக்க உருப்படிகள், 163 மனவளர்ச்சி உருப்படிகள். 18 மாதக் குழந்தை 4 மாத அளவில் இருந்தால் எல்லோரும் அடிமட்டத்தில் குவிந்துவிடுவார்கள், 4 புள்ளி வித்தியாசம் அங்கே தெரியாது. வைன்லேண்ட் பெற்றோரிடம் கேட்டு எழுதுவது. கள்ளக்குறிச்சியிலோ நெல்லூரிலோ இருக்கும் தாயிடம் தொலைபேசியிலும் கேட்கலாம். கால்வாசி இழப்பு என்று இப்போதே தலையாட்ட வேண்டியதில்லை. தாயின் எண்ணோடு தாய்வீட்டு எண்ணையும் வாங்குங்கள், அடுத்த பிரசவத்துக்கு அவர் அங்கேதான் இருப்பார்.

காரணம்வாரியாகப் பிரித்த பிறகே குலுக்கல் ஒதுக்கீடு செய்தால் எழும்பூர்க்காரரின் "மூழ்கிப்போகும்" பயத்துக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

எழும்பூர்ப் பக்கம் – செவ்வாய், காலை 11:50

காரணம்வாரியாகப் பிரிப்பதை ஏற்கிறேன். டியூபரஸ் ஸ்கிலிரோசிஸ் (மூளையில் கட்டிகள் வரும் மரபணு நோய்) உள்ள குழந்தைகளைச் சேர்க்கவே கூடாது, அவர்களுக்கு விகாபாட்ரின்தான் முதல் மருந்து, குலுக்கலுக்கு விடுவது தவறு. 18 மாத வைன்லேண்டை முக்கியமான இரண்டாம் அளவுகோலாக எழுதி, அதற்கும் பணம் ஒதுக்க ஒப்புக்கொள்கிறேன்.

முதன்மை 14ஆம் நாளாகவே இருக்கட்டும். 18 மாத வயதுக்குள் ஒரு குழந்தை வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போகும், இன்னொன்று போகவே போகாது. அந்த இடைவெளியை எந்த மருந்தின் கணக்கில் எழுதுவது?

எண்கணக்கு – செவ்வாய், பிற்பகல் 12:30

அந்தக் கவலை மட்டும் வேண்டாம், சார். ஒதுக்கீடு குலுக்கலில் நடந்தால் பிசியோதெரபி இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் பரவிவிடும். அது இரைச்சலைக் கூட்டும், ஒரு பக்கம் சாய்க்காது.

முட்டுக்காடு சாலை – செவ்வாய், பிற்பகல் 2:10

மருந்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வலிப்பு தொடங்கிய நாளுக்கும் மருந்து தொடங்கிய நாளுக்கும் உள்ள இடைவெளி. 2004 ஆய்வுக் குழந்தைகளை 4 வயதில் பார்த்தபோது, 7 நாளுக்குள், 8 முதல் 14 நாள், ஒரு மாதம் வரை, இரண்டு மாதம் வரை, அதற்கு மேல் என்று ஒவ்வொரு படி தாமதத்துக்கும் வைன்லேண்டில் 3.9 புள்ளி இறங்கியது. இங்கே வரும் குழந்தைகளில் பலர் கடைசிப் படியில் இருப்பவர்கள். இந்த இடைவெளியைத் துல்லியமாகப் பதியாத ஆய்வில் 14ஆம் நாளும் வேண்டாம், 18ஆம் மாதமும் வேண்டாம்.

அழைப்புமணி – செவ்வாய், மாலை 7:45

அதைப் பதியுறதுலதான் எல்லாரும் தப்பு பண்றாங்க. "வலிப்பு எப்போ ஆரம்பிச்சது?"ன்னு கேட்டா தாய் சொல்றது, டாக்டர் முதல்முதலா வலிப்புன்னு சொன்ன தேதியை. அதுக்கு முன்னாடி வீட்டுல யாரும் வலிப்புன்னு நினைச்சிருக்க மாட்டாங்க. உரம் விழுந்திருக்குன்னு சொல்லி சேலைத்துணியில போட்டு உருட்டியிருப்பாங்க, தொக்கம்னு எடுத்திருப்பாங்க, பயந்திருக்குன்னு மந்திரிச்சிருப்பாங்க, வயித்துவலின்னு கிரைப் வாட்டர் கொடுத்திருப்பாங்க.

அதனால படிவத்துல கேள்வியை மாத்துங்க. வலிப்பு வரிசையோட வீடியோவை ஃபோன்ல போட்டுக் காட்டி, "இது மாதிரி முதல்ல எப்போ பார்த்தீங்க? உரம் எடுக்கப் போனது எந்தக் கிழமை, எந்தப் பண்டிகைக்கு முன்னாடி?"ன்னு கேளுங்க. குத்தம் சொல்ற குரல்ல கேட்டா அந்தப் பதில் வராது. அப்புறம் ஃபோன் கேலரியில தேதி வாரியாப் பார்க்கச் சொல்லுங்க. குழந்தை "கும்பிடு போடுது"ன்னு சந்தோஷமா எடுத்து வச்ச வீடியோ பலபேர்கிட்ட இருக்கும். அந்த வீடியோவோட தேதியைப் படிவத்துல எழுதுங்க.