செரமிக் பேரிங் போட்டால் 10 மீற்றர் கூடப் போகுமா?

கல்லுண்டாயான்:
போன கிழமை சீலா வேட்டை என்கிற தம்பி இங்கே ஒரு வீடியோ போட்டிருந்தார். பேய்ட்காஸ்டர் என்கிற தூண்டில் ரீலில் நூல் சுற்றுகிற உருளை, அதுதான் ஸ்பூல், அதில் இருந்த இரண்டு எஃகுப் பேரிங்கையும் கழற்றிவிட்டு செரமிக் உருண்டை உள்ள பேரிங் போட்டாராம். அதைப் பென்சிலில் மாட்டி விரலால் தட்டினால் 40 செக்கன் சுற்றுகிறதாம், அதனால் இரை 10 மீற்றர் கூடப் போகிறதாம். சரி, அவருடைய காசு, அவருடைய ரீல். ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருந்தார், "இன்னும் எஃகுப் பேரிங்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறவர்கள் கரைவலை இழுக்கப் போகலாம்" என்று. அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். 19 வருடமாக மோட்டச்சைக்கிள் கராஜில் பேரிங் மாற்றித்தான் நான் சோறு தின்கிறேன். யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் நின்று எறிந்தால் இரை மூன்று செக்கனில் தண்ணீரில் விழுந்துவிடும். மிச்சம் 37 செக்கன் உமது பேரிங் யாருக்காகச் சுற்றுகிறது?

சீலா வேட்டை:
அண்ணை, நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லையே. 40 செக்கன் என்பது போனில் நேரம் வைத்து அளந்தது, பழைய பேரிங் 9 செக்கன்தான் சுற்றியது. 9 எங்கே, 40 எங்கே? செரமிக் என்பது சிலிக்கன் நைட்ரைட், அந்த உருண்டையின் அடர்த்தி 3.2, எஃகு 7.8. பாரத்தில் பாதிகூட இல்லை. பாரம் குறைந்தால் சுழற்சி தொடங்குவது இலேசு, சின்ன இரையும் தூரம் போகும். நான் போட்டிருப்பது ஏபெக் 7 தரம். மோட்டச்சைக்கிள் சில்லுப் பேரிங்கும் இதுவும் ஒன்றில்லை.

பாசையூர் கரை:
கரைவலை இழுக்கப் போகலாம் என்றால் அது என்ன கேவலமான தொழிலா? எங்கள் அப்பு, அவருடைய அப்பு எல்லாரும் இழுத்த வலை. தம்பி முதலில் அதற்கு மன்னிப்புக் கேட்கட்டும், பேரிங் கதையைப் பிறகு பார்ப்போம்.

கல்லுண்டாயான்:
9 எங்கே 40 எங்கே என்று கேட்கிறார். நான் சொல்கிறேன் எங்கே என்று. பழைய பேரிங்குக்குள் இரண்டு வருட கிறீஸும் உப்பும் மணலும் இருந்தது. நீரோ புதியதைக் கழுவி, எண்ணெய் விடாமல், காய்ந்தபடி சுற்றியிருக்கிறீர். அழுக்குப் பேரிங்கையும் கழுவிய பேரிங்கையும் ஒப்பிட்டுவிட்டு எஃகையும் செரமிக்கையும் ஒப்பிட்டதாகச் சொல்லக்கூடாது. அந்தப் பழைய பேரிங்கை எடும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். வெள்ளைக் கோப்பை ஒன்றுக்குள் வைத்துக்கொள்ளும், நிலத்தில் வைத்துச் செய்தால் கம்பி பறந்து போய்விடும், பிறகு விளக்குப் பிடித்துத் தேடவேண்டும். மூடித் தகட்டின் ஓரத்தில் சி போல வளைந்த மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது, அதன் வாயில் தையல் ஊசியைக் கொடுத்து நெம்பினால் கம்பி கிளம்பும், தகடு தானே விழும். ஜாம் போத்தலில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெற்றோல் விட்டுப் பேரிங்கைப் போட்டுக் குலுக்கும். மண்ணிறமாக ஒன்று புகை மாதிரிக் கிளம்பும் பாரும், அதுதான் உமது 31 செக்கன். பெற்றோலை மாற்றி இன்னும் இரண்டு தரம் குலுக்கி, நிழலில் காயவிட்டு, ஊசி முனையால் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய் விடும். அதற்குப் பிறகு நேரம் பிடித்துக்கொண்டு வாரும்.

சீலா வேட்டை:
பெற்றோலில் கழுவச் சொல்கிறீர்கள், சில பேரிங்கில் உருண்டைகளைப் பிடிக்கிற கூடு நைலோனில் இருக்கும், ரப்பர் மூடி இருக்கிறதும் உண்டு, அதெல்லாம் ஊதிப்போகாதா? நான் அல்ககோலில் கழுவி, பக்கத்துக் கடைக் கொம்பிரசர் காற்றில் காயவைத்தேன். காற்றுப் பட்டபோதே விசில் மாதிரிச் சுற்றியது. 40 செக்கன் பொய்யில்லை அண்ணை.

கல்லுண்டாயான்:
கொம்பிரசர் காற்றால் காய்ந்த பேரிங்கைச் சுழற்றினாரா! இதைத்தான் கராஜுக்கு வருகிற ஒவ்வொரு பொடியனுக்கும் முதல் நாளே சொல்கிறேன். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் உருண்டையும் வளையமும் ஒன்றையொன்று சுரண்டும். வளையத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் காற்று அடிக்கவேண்டும். ரப்பர் மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கழுவவேண்டும் என்பது கூடத் தெரியாதா?

ரொறன்ரோ தூண்டில்:
அண்ணைமார், ஏபெக் என்பது பேரிங் எவ்வளவு நுணுக்கமாகக் கடையப்பட்டிருக்கிறது என்பதற்கான தரம் மட்டும்தான். ஏபெக் 7 என்றால் ஐஎஸ்ஓ முறையில் பி4. உருண்டை எதால் செய்தது, எவ்வளவு வேகம் தாங்கும், என்ன எண்ணெய் என்று அது ஒன்றும் சொல்லாது. அதை முதலில் பேசிக்கொண்டால் இவ்வளவு சண்டை வராது. நான் இங்கே கனடாவில் சிம்கோ ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறேன், 7 கிராம் இரைக்கு செரமிக் நல்ல வித்தியாசம் காட்டுகிறது.

கல்லுண்டாயான்:
ஏரி நன்னீர். உங்களுக்கு அங்கே என்ன கவலை. 40 செக்கனைப் பற்றிச் சொல்லுங்கள்.

மண்டைதீவு மச்சான்:
உப்பைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. செரமிக் உருண்டை துருப்பிடிக்காது, சரி. ஆனால் அது ஓடுகிற வளையம் எஃகுதானே. பெரும்பாலும் 440சி என்கிற எஃகு வகை. அதில் 17 வீதம் அளவில் குரோமியம் இருந்தாலும் கார்பனும் 1 வீதம் இருப்பதால் குரோமியத்தில் ஒரு பங்கை அது பிடித்துவைத்துவிடும், கடல் உப்புக்கு முழுதாக நின்றுபிடிக்காது. ஆடி மாத வெயிலில் களப்பு வற்றி உப்பு ஏறிய நேரம் என்னுடைய பேரிங் மூன்று கிழமையில் கரகரத்தது. எறியும்போது ரீல் அழுகிறது என்றால் விளங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கழுவினேன், அப்படியும்.

பாசையூர் கரை:
மண்டைதீவுக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் அப்படித்தான் வரும், அதுவே சவர்த் தண்ணீர்.

மண்டைதீவு மச்சான்:
எங்கள் கிணற்றைப் பற்றிக் கதைக்க உமக்கு என்ன உரிமை? யாழ்ப்பாணத்துக் கிணறு மட்டும் திறமா? கேத்திலுக்குள் பார்த்தால் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பிக்கிடக்கும். அந்தச் சுண்ணாம்புதான் பேரிங்குக்குள்ளும் காயும். நான் மழைத்தண்ணீர் பிடித்துத்தான் கழுவுகிறேன்.

பாசையூர் கரை:
மழைத்தண்ணீர் ஆடியில் எங்கிருந்து வந்தது?

மண்டைதீவு மச்சான்:
தொட்டியில் சேர்த்து வைத்தது. அதோடு போன தைப்பொங்கலுக்கு என்னிடம் வாங்கிக்கொண்டு போன, ஸ்பூல் பின்னைக் கழற்றும் குறட்டை முதலில் திருப்பித் தாரும். ஸ்பூல் தண்டில் பேரிங்கைப் பிடித்திருக்கிற அந்தச் சின்னப் பின்னைக் குறடு இல்லாமல் சுத்தியலால் தட்டப்போய் என்னுடைய தண்டு வளைந்தது, இப்போது ஸ்பூல் ஆடி ஆடிச் சுற்றுகிறது. அதற்குச் செரமிக் என்ன, வைரம் போட்டாலும் சரிவராது.

கல்லுண்டாயான்:
கிணற்றை விடுங்கள். நான் கணக்கோடு வருகிறேன். ஸ்பூல் குறுக்களவு 34 மில்லிமீற்றர், சுற்றளவு ஏறக்குறைய 107. இரை செக்கனுக்கு 30 மீற்றர் வேகத்தில் புறப்பட்டால் ஸ்பூல் செக்கனுக்கு 280 தரம் சுற்றவேண்டும், நிமிடத்துக்கு 16,800. விரலால் தட்டிச் சுற்றவிட்ட வேகம் அதற்குக் கிட்டவும் வராது. அந்த வேகத்தில் ஸ்பூலைப் பிடித்து நிறுத்துவது யார்? பிரேக். ஒரு ரீலில் அது காந்தம், வேகம் கூடக்கூட அலுமினிய ஸ்பூலை இறுக்கும். இன்னொன்றில் சின்னக் கட்டைகள் வெளியே தள்ளிக்கொண்டு போய் வளையத்தில் உரசும். அந்தப் பிடிக்கு முன்னால் பேரிங்கின் பிடி தூசு. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், தம்பியின் காந்தப் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற திருகு 7 இல் நிற்கிறது! 7 இல் வைத்துக்கொண்டு 40 செக்கன் பேரிங் போடுகிறவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காருக்குப் புது எஞ்சின் பூட்டுகிறவர். தூரம் வேண்டுமென்றால் தங்கூசி நூலைக் குறைத்துச் சுற்றும், ஸ்பூலின் பாரம் குறையும். அதற்குக் காசு வேண்டாம்.

சீலா வேட்டை:
7 இல் வைத்தது அன்று சோளகக் காற்று எதிராக அடித்ததால். காற்றுக்கு எதிரே எறிந்தால் இரை நடுவழியில் தளரும், ஸ்பூல் தளராது, சிக்கு விழும். அதற்காகத்தான் பிரேக். இது தெரியாமல் திருகைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

கல்லுண்டாயான்:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! சோளகத்தில் ஸ்பூல் வேகமாகச் சுற்றினால் சிக்கு. சிக்கு வரக்கூடாதென்று பிரேக்கைக் கூட்டுகிறீர். பிரேக்கைக் கூட்டினால் பேரிங்கின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. பிறகு எதற்கு ஐயா 40 செக்கன்? ஒரு மோட்டச்சைக்கிள் ரயர் வாங்கும் காசைக் கொடுத்து வாங்கி, வாங்கியதைத் திருகி அடைத்து வைத்திருக்கிறீர்.

ரொறன்ரோ தூண்டில்:
காற்றில்லாத நாளில் பிரேக்கைக் குறைக்கலாம்தானே. அப்போது பேரிங் தெரியும். அதுவும் ஸ்பூல் பேரிங் மட்டும்தான். கைப்பிடியிலும் பல்லுச் சக்கரத்திலும் இருக்கிற பேரிங்குக்குச் செரமிக் போடுவது வீண், அங்கே கிறீஸ்தான் வேண்டும், உப்புத் தண்ணீரைத் தடுக்க. கைப்பிடி பின்னால் திரும்பாமல் பிடிக்கிற உருளைப் பேரிங்குக்கு மட்டும் கிறீஸ் பூசிவிடாதீர்கள், வழுக்கத் தொடங்கும்.

கல்லுண்டாயான்:
கிறீஸ் எங்கே பூசுவது என்று எனக்குப் பாடம் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம், ஸ்ராட் பண்ண மட்டும் இரண்டு துளி பெற்றோல். தேங்காயெண்ணெய் விட்டு ஓட்டிய சைக்கிள் பேரிங்கைத் திறந்து பார்த்திருக்கிறேன், பிசின் மாதிரி இறுகியிருக்கும், ஊசியால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறேன். அப்போது நீங்கள் எல்லாம் விமானம் ஏறிவிட்டீர்கள்.

ரொறன்ரோ தூண்டில்:
அண்ணை, இது தேவையில்லாத கதை. யார் எப்போது ஏன் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. ரீலைப் பற்றித்தான் எழுதினேன்.

சீலா வேட்டை:
சரி, இன்று ஊசி முனையால் ஒரு துளி எண்ணெய் விட்டு மீண்டும் எடுத்தேன். 22 செக்கன். பழைய எஃகை நீங்கள் சொன்னபடி பெற்றோலில் கழுவி அதே எண்ணெய் விட்டேன், 17. இப்போதும் செரமிக்தான் கூட.

கல்லுண்டாயான்:
40 எங்கே போனது?

சீலா வேட்டை:
40 எண்ணெய் இல்லாமல் எடுத்தது. எண்ணெய் இல்லாமல் எடுத்தால் இன்றும் 40தான்.

கல்லுண்டாயான்:
எண்ணெய் இல்லாமலா மீன் பிடிக்கப் போகிறீர்? 22 க்கும் 17 க்கும் இடையில் 5 செக்கன். அந்த 5 செக்கனில் 10 மீற்றர் எங்கே இருக்கிறது என்று காட்டும். நாளைக்கு விடிய பண்ணைப் பாலத்துக்கு இரண்டு பேரிங்கையும் கொண்டு வாரும், ஒரே ரீல், ஒரே இரை, திருகு 3 இல், காலில் அளக்காமல் நாடா பிடித்து அளப்போம்.

சீலா வேட்டை:
நாளைக்கு எனக்கு வேலை. ஆனால் 40 செக்கன் வீடியோ அழிக்கமாட்டேன்.

மண்டைதீவு மச்சான்:
நாளைக்கு நான் பண்ணைக்கு வருகிறேன், குறட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பாசையூர் கரை:
குறடு எங்கள் வீட்டில் இல்லை, தந்துவிட்டேன். கரைவலைக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை.