ஆட்டின் எம்எச்சி மரபணு தெரிந்தவர்கள் யாராவது உதவ முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் எம்எஸ்சி விலங்கியல் இரண்டாம் வருடம், ஊர் திருவட்டார் பக்கம். போன வருடம் பாட்டியின் இரண்டு வெள்ளாடுகளில் ஒன்றுக்கு ஆட்டுக்கொல்லி நோய் வந்து, மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி நாலாம் நாள் செத்துப்போனது. பக்கத்துக் கயிற்றில் நின்ற அதன் அக்கா, அதுவும் தடுப்பூசி போடாததுதான், ஒன்றுமே நடக்காத மாதிரி பிலா இலை தின்றுகொண்டிருந்தது. ஓர் ஆட்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் ஒன்று தப்பியதற்கு எம்எச்சி (நோய்க்கிருமிகளை உடல் அடையாளம் காண உதவும் மரபணுத் தொகுதி) காரணமா என்று ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்துவிட்டேன்.

வாசித்தவரை, மனிதனுக்கு 6-ஆம் குரோமோசோமில் இருக்கும் எம்எச்சி, மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் 23-இல், செம்மறிக்கு 20-இல் இருக்கிறது. எம்எச்சியில் ஒரு பிரிவான, மனிதனில் ஒரே தொகுப்பாக இருக்கும் இரண்டாம் வகுப்பு மரபணுக்கள் அசைபோடும் விலங்குகளில் குரோமோசோம் துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியதால் 2ஏ, 2பி என்று இரண்டாகப் பிரிந்து தள்ளித்தள்ளிக் கிடக்கின்றன. இந்த வகுப்பில் மனிதனுக்கு இருக்கும் டிபி மரபணு மாட்டில் இல்லவே இல்லை, அதற்குப் பதில் டிஒய்ஏ, டிஒய்பி என்று மனிதனில் இல்லாதவை இருக்கின்றன.

இங்கேதான் முட்டி நிற்கிறேன். இந்தத் திருப்பம் எந்த மூதாதையில் நடந்தது என்று எப்படிக் கணிப்பது, ஒட்டகத்தையும் பன்றியையும் ஒப்பிட்டால் போதுமா? அப்புறம், இதே வகுப்பில் உள்ள டிஆர்பி மரபணுவின் இரண்டாம் எக்ஸானுக்கு (புரதத்துக்கான குறியீடு உள்ள துண்டு) வெள்ளாட்டில் சரியாக வேலை செய்த ப்ரைமர் (அந்தத் துண்டை மட்டும் பிசிஆரில் பெருக்க உதவும் சிறு டிஎன்ஏ) யாரிடமாவது இருக்கிறதா? நான் வாங்கியதில் ஜெல்லில் ஒரு பட்டைக்குப் பதில் மூன்று பட்டை வருகிறது, காசும் தீர்ந்துவிட்டது.

தக்கலை, தோவாளை பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் கொஞ்சம் இரத்தம் எடுக்க விட்டால் பெரிய உதவி, கால்நடை மருத்துவர் ஒருவரோடுதான் வருவேன்.