விஷுவல் ஐடென்டிட்டி: ‘அடையாளக்கோலம்’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘விஷுவல் ஐடென்டிட்டி’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி. லோகோ, நிறம், எழுத்து, பலகை என ஒரு நிறுவனத்தையோ இடத்தையோ பார்த்ததும் அடையாளம் காட்டும் மொத்தத் தோற்றம் அது. ‘காட்சி அடையாளம்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். புரிகிறது. ஆனால் கேட்பவர் மனதில் லோகோ ஒன்றுதான் வரும், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ‘சின்னம்’ இன்னும் சிக்கல். தஞ்சைப் பெரிய கோயிலையே பாரம்பரியச் சின்னம் என்கிறோம். அப்புறம் சின்னத்துக்கு ஒரு சின்னமா?

லோகோவுக்கு ‘இலச்சினை’ இருக்கிறது. அரசாணை பொறித்த திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் உள்ள சோழ முத்திரையைப் பாருங்கள்: புலி, இரண்டு கயல், வில், மேலே குடை. யாருடைய ஆணை என்று படிக்காமலே தெரிந்துவிடும். அது இலச்சினை. நாம் தேடுவது அதைவிடப் பெரியது.

சோழர் கோயில்களையே எடுத்துக்கொள்வோம். தஞ்சை 1987இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2004இல் கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் அதோடு சேர்ந்தன. மூன்றுக்கும் பட்டியலில் ஒரே பெயர். ஆனால் கருவறைக்கு மேல் எழும் விமானங்களின் வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் இழுத்துப் பாருங்கள். தஞ்சையில் கோடு விறைப்பாக, நேராக மேலே குவியும். கங்கைகொண்ட சோழபுரத்தில் உள்வாங்கி வளையும். தாராசுரத்திலோ விமானத்துக்குப் போகும் முன்பே கண் குதிரை பூட்டிய தேர் மண்டபத்தில் நின்றுவிடும். மூன்றையும் ஒரே படத்தில் அடக்கினால் மூன்றும் கெடும். அதனால் படம் தனித்தனியாகவே இருக்கட்டும். ஆனால் கோட்டின் தடிப்பு, கல்லின் நிறம், எழுத்தின் வடிவம், வழிகாட்டிப் பலகை எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தால்தான் ‘இதுவும் அந்த மூன்றில் ஒன்று’ என்று தெரியும். எழுத்தையே பாருங்கள். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. அந்த வளைவுகளைப் பலகைக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் புள்ளி வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர் தடுமாறுவார்.

இந்த மொத்தத்துக்குத்தான் ‘கோலம்’ பொருந்தும் என்கிறேன். மணக்கோலம் என்றால் மாலை மட்டுமா? தலை முதல் கால் வரை. போர்க்கோலமும் அப்படித்தான். வாசல் கோலத்தில்கூடப் புள்ளியை முதலில் வைத்து, அதற்குக் கட்டுப்பட்டே இழையை இழுக்கிறோம். வடிவமைப்பாளர் கட்டம் போட்டுச் செய்வதும் அதே வேலைதான்.

‘கோலம் என்றால் வாசல்தான் நினைவுக்கு வரும்’ என்று மறுப்பு எழலாம். சரி, அதனால்தான் முன்னால் ‘அடையாள’ சேர்த்தேன். விதிகளைச் சொல்லும் நூலை அடையாளக்கோலக் கையேடு எனலாம். கொஞ்சம் நீளம், ஒப்புக்கொள்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘மூன்று கோயில்களுக்கும் இலச்சினை தனித்தனி, அடையாளக்கோலம் ஒன்றே.’ உங்கள் காதுக்கு இது எப்படி ஒலிக்கிறது? இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் எழுதுங்கள்.