ஞாயிறு ஒரு நாள்தான் லீவு: புலாவ் உபின், செக் ஜாவா போய்வர எப்படித் திட்டமிடுவது?

பூன்லே இருவர்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் சிங்கப்பூரின் பூன் லேயில் குடியிருக்கிறோம். இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைப்பது ஞாயிறு மட்டும்தான். கரையோரப் பூந்தோட்டங்கள், மரினா பே, செந்தோசா, தேக்கா எல்லாம் ஒரு சுற்று முடிந்துவிட்டது. கடைத்தொகுதிக்குள் ஏசியில் சுற்றுவது இருவருக்குமே அலுத்துவிட்டது. அடுத்து புலாவ் உபின் தீவுக்கும் அங்குள்ள செக் ஜாவா சதுப்புநிலக் கடற்கரைக்கும் போகலாம் என்று நினைக்கிறோம். அதில் சில குழப்பங்கள்:

செக் ஜாவா பற்றி ஒருவர் "அங்கே ஒன்றுமே இல்லை, வெயிலில் வெறும் பாலத்தில் நடந்துவிட்டு வரவேண்டியதுதான்" என்கிறார். இன்னொருவர் "சிங்கப்பூரில் அதைப்போல் ஓர் இடமே கிடையாது" என்கிறார். யார் சொல்வதை நம்புவது? எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? சைக்கிள் எடுப்பதா, நடப்பதா? மனைவி ஓட்டுவார், ஆனால் பழக்கம் விட்டுப்போய்விட்டது. அவர் சைவம் வேறு. சாப்பாடு நீங்கலாக 50 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) முடியுமா?

அலையாத்தி:

இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். ஒருவர் கடல் ஏறியிருந்தபோது போயிருப்பார், மற்றவர் வற்றியிருந்தபோது போயிருப்பார். செக் ஜாவாவுக்கு எந்த மாதம், எந்தக் கிழமை போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். நீர் ஏறியிருந்தால் பாலத்துக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் மட்டும்தான் தெரியும். வற்றினால் மணல்திட்டு, கடற்புல் படுகை, பாறைக்கரை, அலையாத்திச் சேறு எல்லாம் தனித்தனியாக வெளியே வரும். 2001 டிசம்பரில் அந்த இடத்தைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தை அரசாங்கம் ஒத்திவைத்ததே, அப்படி வெளிப்படும் அந்தத் தரையில் இத்தனை உயிர்கள் இருக்கின்றன என்று தெரியவந்ததால்தான். அதைப் பார்க்காமல் திரும்புவது கோயிலுக்குப் போய் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் கும்பிட்டுவிட்டு வருவதுபோல.

முதலில் சிங்கப்பூர் ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரங்கள்) திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று வற்றும் நேரம், மற்றொன்று அப்போதைய நீர்மட்டம். நீர்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும். "லோ டைட்" என்று போட்டிருக்கிறதே என்று 1 மீட்டருக்கு மேல் காட்டும் நாளில் போய் ஏமாறுபவர்கள்தான் அதிகம். அந்த மட்டத்தில் திட்டு முழுதாக வெளியே வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக இறங்கும். இங்கே நாளுக்கு இருமுறை நீர் வற்றும், அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் அது கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஆகிவிடும். அதனால் இந்த ஞாயிறு 11 மணிக்கு வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே 11 மணிக்குக் கடல் ஏறியிருக்கும். உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் என்பதால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரமாகப் பாருங்கள்.

செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரைதான் திறந்திருக்கும். விடியற்காலை 4 மணிக்கு 0.2 என்று இருந்தால் அது நமக்கு உதவாது.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 11.30-க்கு வற்றம் என்று வையுங்கள். 10.15-க்கு நடைபாலத்தில் நிற்க வேண்டும். உபின் படகுத்துறையிலிருந்து அங்கே 3 கிலோமீட்டருக்கு மேல். வேடிக்கை பார்த்தபடி நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும், ஆகவே 9.15-க்குத் தீவில் இறங்கவேண்டும். படகில் 10 முதல் 15 நிமிடம், ஞாயிறு வரிசைக்கு அரை மணி. 8.30-க்குச் சாங்கி முனைப் படகு முனையத்தில் இருங்கள். பூன் லேயிலிருந்து கிழக்கு-மேற்கு ரயிலில் நேராகத் தானா மேரா, அங்கே 2-ஆம் எண் பேருந்தில் ஏறினால் கடைசி நிறுத்தம் சாங்கி வில்லேஜ். எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு முதல் ரயில் மற்ற நாட்களைவிடத் தாமதமாகத்தான் கிளம்பும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகுக்கு நேர அட்டவணை கிடையாது. 12 பேர் சேர்ந்தால் புறப்படும். தலைக்கு 4 வெள்ளி, ரொக்கம். 12 பேர் சேராமல் அவசரமாகப் போகவேண்டும் என்றால் மிச்ச இடத்துக்கும் நீங்களே கொடுக்கவேண்டும். ஞாயிறு காலையில் அந்தத் தேவை வராது. சில்லறையாக 2 வெள்ளி, 5 வெள்ளி நோட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். தீவில் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

நடைபாலத்தின் மொத்த நீளம் 1.1 கிலோமீட்டர். கடலோரச் சுற்றை முதலில் முடித்துவிடுங்கள், நீர் திரும்பும்போது முதலில் மறைவது அதுதான். பிறகு அலையாத்திச் சுற்று, கடைசியில் 20 மீட்டர் உயரமுள்ள ஜெஜாவி கோபுரம். அலையாத்திச் சுற்றில் மூச்சுவேர்கள் ஆணி அடித்ததுபோல் நிற்கும் இடத்தில் நின்று கீழே பாருங்கள். முதல் ஒரு நிமிடம் வெறும் சேறுதான் தெரியும். உங்கள் நிழல் அசைந்ததும் எல்லாம் வளைக்குள் போயிருக்கும், அதனால்தான். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், சேற்று உருண்டை என்று நினைத்தது உச்சந்தலையில் இரண்டு கண்ணை வைத்துக்கொண்டு முன்துடுப்பை ஊன்றித் தவழும். அது உளுவை. பக்கத்தில் விரல் நகம் அளவு நண்டுகள். ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரிது, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கும். பிச்சாவரம் பார்த்தவர்களுக்கு அந்த மரங்கள் தெரிந்தவைதான். ஆனால் இவ்வளவு கிட்டத்தில் நின்று பார்க்க அங்கே தோதுப்படாது.

திட்டில் இறங்கக் கூடாது. வழிகாட்டியுடன் போகும் குழுக்களுக்கு மட்டும்தான் அனுமதி. கடற்புல்லை மிதித்தால் மீண்டு வர நெடுநாள் ஆகும். சின்னதாக ஒரு பைனாகுலர் இருந்தால் பாலத்திலிருந்தே போதும்.

மிதிவண்டி மணி:

நடப்பதா, ஓட்டுவதா என்றால் என் வாக்கு சைக்கிளுக்கு. ஓத நேரத்தைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அரை மணி மிச்சமாகும், திரும்பும்போது உச்சி வெயிலில் ஒரு மணி நேரம் நடக்கவும் வேண்டாம். ஆனால் செக் ஜாவா பாதையில் சில இடங்களில் சரளைக்கல்லும் ஏற்ற இறக்கமும் உண்டு. பழக்கம் விட்டவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

படகுத்துறையிலிருந்து வெளியே வந்ததும் வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கும். முதல் கடையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். கடல்காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கடை வாசலிலேயே இவ்வளவும் செய்யுங்கள்:

வலது பிரேக்கை மட்டும் அழுத்தி வண்டியை முன்னே தள்ளுங்கள், பிறகு இடது மட்டும். எது முன்சக்கரத்தைப் பிடிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். கைப்பிடியில் ஒட்டும்வரை அழுத்தியும் சக்கரம் உருண்டால் அந்த வண்டி வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கியிருக்கும் மிதிகட்டையில் குதிகாலை வைத்தால் கால் ஏறக்குறைய நேராக நீளவேண்டும். மனைவிக்குப் பழக்கம் இல்லை என்கிறீர்கள், அவருக்கு மட்டும் சீட்டை இன்னும் இறக்கி, இரு பாதமும் தரையில் படும்படி வையுங்கள். கியரை ஏற்றி இறக்கிப் பாருங்கள், செயின் கழன்றால் அங்கேயே மாற்றிவிடுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகக் கூடாது. பூட்டும் ஹெல்மெட்டும் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குள் திருப்பித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரளையில் இறங்கும்போது முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும், இல்லையென்றால் ஆள் கைப்பிடிக்கு மேலே போய்விழுவார். பின்பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவில் பிரேக் தொடாதீர்கள். செங்குத்தான இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு குறைச்சலும் இல்லை. கேதாம் மலைப்பாதை வேறு பக்கம், அது பழகியவர்களுக்கு மட்டும்.

நடைபாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, நுழைவாயிலில் நிறுத்திப் பூட்ட வேண்டும். அப்போது கூடையில் ஒரு பொட்டலம்கூட விட்டுவைக்காதீர்கள். குரங்கும் காட்டுப்பன்றியும் அந்தக் கூடைகளை நன்றாகப் பழகிவைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், வந்துவிடும். எல்லாமே மூடிய முதுகுப்பையில் இருக்கட்டும்.

பூன்லே இருவர்:

இவ்வளவு விவரத்துக்கு நன்றி. அட்டவணை பார்த்தேன். வரும் ஞாயிறு சரியில்லை, அதற்கடுத்த ஞாயிறு காலையில் 0.4 காட்டுகிறது. அன்றைக்கே போகிறோம். சைவச் சாப்பாட்டுக்கு என்ன வழி? மழை வந்துவிட்டால்?

தேக்கா வாசல்:

தம்பி, சாப்பாட்டைக் கையில் கட்டிக்கொண்டு போவதுதான் நல்லது. தீவில் கடல் உணவுக் கடைகளும் குளிர்பானமும் இளநீரும்தான் முக்கியமாகக் கிடைக்கும். எலுமிச்சை சாதம், புளியோதரை இரண்டும் மதியம்வரை தாங்கும். தேங்காய் சாதம் வேண்டாம், அந்த வெக்கையில் சளித்துவிடும். தயிர் சாதம் என்றால் சாதத்தை நன்றாக ஆறவிட்டு, பால் முக்கால் பங்கும் தயிர் ஒரு கரண்டியும் விட்டுப் பிசையுங்கள், உச்சிவேளையில் பதமாக இருக்கும். சூட்டோடு டப்பாவை மூடினால் வியர்த்து நீர்விடும், எந்தச் சாதமாக இருந்தாலும் கெட்டுவிடும். நான்கு பக்கமும் கிளிப் போடும் டப்பாவாக எடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். உபினில் நம் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டைப்போல் குழாய்த் தண்ணீர் வராது, கிணற்று நீர்தான். அங்கே பிடித்துக் குடிக்கலாம் என்று எண்ணாதீர்கள்.

காலைப் பசியாறுதலைச் சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் முடிக்கலாம், படகு முனையத்துக்குப் பக்கம்தான். அந்த இடத்துக்குப் பேர் வாங்கித் தந்த நாசி லெமாக்கில் (தேங்காய்ப்பால் சோறு) சைவம் என்று சொல்லிக் கேட்டாலும் கவனம் வேண்டும். நெத்திலியையும் மீனையும் எடுத்துவிடலாம், சம்பாலில் பெலாச்சான் கலந்திருக்கும், அது இறால் விழுது. மீகோரிங்கிலும் அதே கதைதான். பரோட்டா வாங்கினால் "கறிக்குழம்பு வேண்டாம், பருப்பு இருக்கிறதா" என்று கேளுங்கள். பருப்பிலும் சில கடைகளில் மீன்குழம்பு ஊற்றித் தருவார்கள். சந்தேகமாக இருந்தால் சீனி தொட்டுச் சாப்பிடலாம். தட்டை நீங்களேதான் திருப்பி வைக்க வேண்டும். 2021 முதல் மேசையில் குப்பையை விட்டுவிட்டுப் போனால் முதல்முறை எச்சரிக்கை, மறுமுறை 300 வெள்ளி.

இன்னொன்று. தானா மேராவில் ரயிலைவிட்டு இறங்கி 45 நிமிடத்துக்குள் பேருந்தில் ஏறினால் ஒரே பயணமாகக் கணக்காகும். அங்கேயே உட்கார்ந்து நிதானமாகப் பசியாறினால் புதுக் கட்டணம் தொடங்கிவிடும். இருவரும் ஒரே வங்கி அட்டையைத் தட்ட முடியாது, ஆளுக்கொரு அட்டை வேண்டும். ஊர் வங்கியின் அட்டையைத் தட்டினால் பயணம் செய்த ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், இங்குள்ள அட்டையையே தட்டுங்கள். படகுக்கு இருவருக்கும் போய்வர 16 வெள்ளி. ரயில், பேருந்து சுமார் 10 வெள்ளி. 50-க்குள் சைக்கிளும் இளநீரும் அடங்கிவிடும்.

அலையாத்தி:

மழையைப் பற்றி. ஜூன் முதல் செப்டம்பர் வரை "சுமத்ரா" என்கிற காற்றுமழை விடியலுக்கு முன்னாலிருந்து நண்பகலுக்குள் மேற்கேயிருந்து அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். பூன் லேயில் காலை 6 மணிக்குக் கொட்டினால் பயணத்தைக் கைவிட வேண்டாம், மைஎன்வி (myENV) வானிலைச் செயலியில் மழைப் படத்தைப் பாருங்கள். பட்டை கிழக்கே நகர்ந்து கடந்துவிடுகிறதா என்று தெரியும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி. அந்த மாதங்களில் 1 மணிக்குள் தீவைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்கப் பெய்யும் மழை வந்தால் அன்றைக்குப் போகாதீர்கள்.

இடி கேட்டால் கோபுரத்தில் ஏறாதீர்கள், கடலோரப் பாலத்தில் நிற்காதீர்கள். சுற்றிலும் உங்களைவிட உயரமாக ஒன்றும் இல்லாத இடம் அது. நுழைவாயில் பக்கமுள்ள பழைய ஆங்கிலேயர் பாணி வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். பலத்த காற்றில் படகும் ஓடாது, துறையில் காத்திருக்கத்தான் வேண்டும். அன்று மாலை வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காலை மழையால் ஓத நேரம் தவறிவிட்டால் உபினை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். அன்று மாலை 5 மணிக்கு ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்தில் இறங்கி, மராங் பாதைப் படிகளில் ஏறி, மவுண்ட் ஃபேபர் வழியாக ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்துக்குப் போங்கள். 274 மீட்டர் நீளம், சாலைக்கு மேல் 36 மீட்டர் உயரம். அஸ்தமனத்தை அங்கே பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாம். அலெக்சாண்ட்ரா பக்கம் தொடர்ந்தால் காட்டு நடைபாதை இரும்பு வலைத்தளம், கீழே பார்த்தால் தரை தெரியும். உயரம் பயம் உள்ளவர்களுக்கும் குதி உயர்ந்த செருப்புக்கும் ஆகாது. மழைக்குப் பிறகு அந்தப் படிகளில் பாசி வழுக்கும், பிடிப்புள்ள காலணி போடுங்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் அறிவிப்பில் எந்தப் பகுதியாவது மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மிதிவண்டி மணி:

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் உபின் துறையில் திரும்பும் வரிசை நீளும். பிற்பகல் இடி மாதங்கள் இல்லையென்றால் 2 மணிக்குச் சைக்கிளை ஒப்படைத்துவிட்டு, துறையோரம் இளநீர் குடித்துவிட்டுப் படகேறினால் வரிசையில் நிற்க வேண்டாம். 5 மணிக்குள் பூன் லே வந்துவிடலாம்.